விரதம் இருந்த பூனை

போன வாரம் ஒரு மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடியில் இது அபூர்வம். பார்சல் கொண்டு வருகிறவர்கள்கூட வாசலில் வைத்து, படம் பிடித்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் தர்ஷினி. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிற பெண். கையில் துண்டில் சுற்றிய ஒரு சாம்பல் நிறப் பூனை.

“அங்கிள், சாரி லா, டிஸ்டர்ப் பண்றேன். இது ரெண்டு மூணு நாளா வாயே தொறக்கல. கிளினிக்ல சிரிஞ்சுல ஊட்டச் சொன்னாங்க. எனக்குக் கை நடுங்குது. நீங்க கார் பார்க் பூனைங்களுக்கெல்லாம் சாப்பாடு வைக்கிறீங்கன்னு செக்யூரிட்டி கார்ட் அண்ணே சொன்னாரு.”

நான் சாப்பாடு வைப்பது ரகசியம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! பூனைகளுக்கு உணவு வைக்கக் கூடாது என்று நிர்வாகம் ஒட்டியிருக்கும் அறிவிப்புக்கு நேர் கீழேதான் வைப்பேன். சரி, இருக்கட்டும். தலை மட்டும் வெளியே தெரியும்படி துண்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவள் கொண்டு வந்திருந்த டின்னைத் திறந்தேன். திறந்ததும் அந்த வாடை வந்தது. ஈரலையும் மீனையும் சேர்த்துக் கூழாக அரைத்து, மருந்தைக் கலந்து அடைத்த வாடை. பூனை நாலைந்து மடக்கு விழுங்கியது. “குடிக்குது அங்கிள், குடிக்குது!” என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை.

அவர்கள் போன பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்து அது போகவில்லை. போகாது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் முதல் கார் முழுக்க இந்த வாடைதான்.

அது ஒரு பழைய கஞ்சில் கார். எனக்கு முன்னால் எத்தனை பேர் ஓட்டினார்களோ, மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்யும். அப்போதுதான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் உத்தியோகம். முதல் வாரம் டை கட்டிக்கொண்டு போனேன். துறைமுக வெயிலில் டை கட்டிய ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தங்கியது துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் அக்கா வீட்டில்.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போன காலத்தில் எனக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி விட்டவள் அவள்தான். அத்தானுக்குக் கண்டெய்னர் இழுக்கும் பெரிய லோரி ஓட்டும் வேலை. அதிகம் பேசமாட்டார். அதை எல்லோரும் நல்ல குணம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்கு வருகிற ஆன்டிகள் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவாள். தண்ணீர் வெகுநேரம் ஓடும். குளிக்கவில்லை என்று எனக்கும் அத்தானுக்கும் தெரியும்.

அந்த வீட்டில்தான் சம்பல் இருந்தது. மிளகாய் அரைத்த சம்பல் துவையலின் நிறத்தில் ஒரு கடுவன் பூனை. அத்தானின் லோரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்ததை அவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாராம். அக்கா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டேதான் சமைப்பாள். அவள் கெம்போங் மீனைக் கழுவும்போது அது செய்யும் அட்டகாசம் தெருவுக்கே கேட்கும். வறுத்த மீனைச் சட்டியிலிருந்தே தூக்கிக்கொண்டு ஓடி, சூடு தாங்காமல் கீழே போட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு ஓடும். மானம் ரோஷம் எதுவும் கிடையாது. எனக்கு அதைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். நானும் அந்த வீட்டில் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு அத்தான் பத்துமலையில் காவடி எடுப்பதாக இருவரும் வேண்டிக்கொண்டார்கள். குழந்தைக்காகத்தான். மார்கழியிலேயே அத்தான் மாலை போட்டார். உங்களுக்கே தெரியும், நம் வீடுகளில் விரதம் என்றால் ஆள் மட்டும் இருப்பதில்லை, வீடே இருக்கும். அக்கா ஐஸ் பெட்டியைக் காலி செய்து மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள். அசைவம் சமைத்த சட்டிகளைக் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். நான் வெளியே என்ன தின்றாலும் வாசல் குழாயில் வாய் கொப்பளித்துக் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதெல்லாம் சரிதான். கடைசியில் பூனையின் பிஸ்கட் மூட்டையையும் தூக்கி வெளியே கொடுத்துவிட்டாள்.

“அது என்னாக்கா பண்ணுச்சு?” என்றேன்.

“அதுலயும் மீன் தானடா இருக்கு. படமே போட்டிருக்கான் பாரு.”

அன்றிலிருந்து சம்பலுக்குத் தயிர் சோறும் தௌஃபு என்கிற சோயாக் கட்டியும். முதலில் சண்டை போட்டது. பின் சந்தில் போய் எதையாவது தேடித் தின்னும் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் சண்டையை நிறுத்தியது. பிறகு சோற்றையும் நிறுத்தியது. பால் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாமி அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அக்கா அதைப் பார்த்தாள். விளக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, எதையும் தொடாமல், மெலிந்துபோய் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்தாள்.

“தம்பி, இங்க வந்து பாரேன். இதுவும் நம்மளோட விரதம் இருக்குதுடா.”

நானும் சிரித்தேன். யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். ஆனால் அக்கா வெறுமனே சொல்லவில்லை. அவள் முகத்தில் பல வருடங்களாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. மீன் திருடும் பூனையே திருந்திவிட்டதென்றால் அது வெறும் பூனை இல்லை, கேட்டது கிடைக்கப் போகிறது என்பதற்கு அடையாளம். அவள் அப்படி வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது அதன் முதுகைத் தடவியபோது. எலும்பு ஒவ்வொன்றும் விரலில் இடித்தது. மறுநாள் மதியம் கடையில் ஒரு கெம்போங் வறுவல் வாங்கி, முள் எடுத்து, பின் சந்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். சம்பல் மெதுவாக வந்தது. மீனை முகர்ந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய்ப் படுத்துவிட்டது. சூடான சட்டியில் தலையை விட்ட பூனை!

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். “அக்கா, இது விரதம் இல்ல. ஒடம்பு முடியல. மீனையே வச்சுப் பாத்தேன், தொடல.”

சொன்ன வேகத்தில் என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை. அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆன்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரத காலத்தில் பின் சந்து வரை மீனைக் கொண்டு வந்ததற்குத் திட்டு விழும் என்று நான் காத்திருந்தால், ஆன்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“மீனையே வச்சும் திரும்பிப் பாக்கலியா? முருகா! பாத்தியா அமுதா, ஒன்னோட வேண்டுதல எப்படி ஏத்துக்கிட்டான்னு!”

அமுதா என்பது என் அக்கா. அவள் அழுதாள். சந்தோஷ அழுகை. பூனை சாகக் கிடக்கிறது என்பதற்கு நான் கொண்டு வந்த ஒரே சாட்சி, அது சாமி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அடுத்த நாளே நாலு வீட்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆன்டி சிவப்புக் கயிற்றில் ஒரு உருத்திராட்சத்தைக் கோத்து அதன் கழுத்தில் கட்டினார். உருத்திராட்சப் பூனை என்று நாம் ஆட்களைத் திட்டுவோம். பாவம், சம்பலிடம் எந்த வேஷமும் இல்லை. கழுத்தைத் தூக்கவே அதற்குத் தெம்பில்லை.

அக்கா தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம் அதைக் காரில் போட்டுக் கிள்ளானில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். சின்ன வயதுச் சீனப் பெண். மலாயில்தான் பேசினார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் விரதம் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, “பூனைக்குமா?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். பூனை சாப்பாட்டை நிறுத்தினால் கல்லீரலில் கொழுப்பு ஏறிக் கெட்டுப் போகுமாம், கெட்டுப் போனால் பசியே எடுக்காதாம். காதைத் திருப்பிக் காட்டினார். உள்புறத் தோல் மஞ்சளாக இருந்தது. வலுக்கட்டாயமாக ஊட்டினால் பிழைக்கலாம், மாமிச உணவுதான் கொடுக்க வேண்டும். தினமும் காதைப் பாருங்கள், மஞ்சள் குறைந்தால் தேறுகிறது என்று அர்த்தம் என்று சொல்லி, டின்னும் சிரிஞ்சும் கொடுத்தார்.

இப்படித்தான் என் கார் பூனையின் சாப்பாட்டு அறையானது. அக்கா வீட்டுக்குள் அந்த டின்னைக் கொண்டு போக முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, பிறகு சாயங்காலம் என்று, தெருமுனை மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊட்டுவேன். கடைவாயோரமாகச் சிரிஞ்சை நுழைத்துக் கொஞ்சம் தள்ள வேண்டும். விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். பாதி என் மடியில், கால்வாசி சீட்டில், மிச்சம்தான் அதன் வயிற்றில். ஆபீசில் நான் நுழைந்தாலே, “மச்சான், இன்னிக்கு எந்த கண்டெய்னர் ஒடஞ்சிச்சு?” என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். சுங்கத்தில் ஓர் அதிகாரி மட்டும் பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டு, பூனை நோயா என்று கேட்டார். அவர் வீட்டில் ஏழெட்டு இருக்கின்றனவாம். அன்று என் வேலை சீக்கிரம் முடிந்தது.

ஒரு மாலை பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அத்தான் ஏறி உட்கார்ந்தார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்து மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, சம்பலின் முன்னங்கால்களைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெரிய கைகள், ஆனால் பிடி மெதுவாக இருந்தது. ஊட்டி முடித்ததும், “அக்காகிட்ட சொல்லாத,” என்றார். வீட்டுக்குப் போய் மறுபடியும் குளித்துவிட்டு விளக்கேற்றினார். அதற்குப் பிறகும் பல மாலைகளில் வந்தார். என் வாழ்க்கையில் அந்த மனிதரை நான் மிகவும் மதித்த நாட்கள் அவை.

சம்பல் தேறியது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இதை நம்ப யாரும் இல்லை. காதின் மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்தது. ஒருநாள் என் விரலில் வழிந்ததைத் தானாகவே நக்கியது. சொரசொரவென்ற அந்த நாக்கு பட்டதும் நான் காருக்குள் தனியாகக் கத்தினேன். மறுநாள் மூடியில் வைத்ததைக் கொஞ்சம் தின்றது. இன்னும் ஒரு வாரம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்னால் அக்கா அதற்கு விபூதி வைக்கத் தூக்கி, வழக்கம்போல முகத்தோடு முகம் வைத்தாள். தாடையில் வாடை அடித்தது. நேராக என் காருக்குப் போய்க் கதவைத் திறந்தாள். சீட்டுக்கு அடியில் டின்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, கல்லீரல், காது, எல்லாம். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் என்னடா கேட்டேன் ஒங்கள? ஒரு நாப்பது அம்பது நாளு சுத்தமா இருங்கன்னு கேட்டேன். அது இருந்துச்சு. வாயில்லாத ஜீவன் அது இருந்துச்சு. நீ அதோட வாயில மீன வச்சுத் திணிச்சிருக்க.”

“அது செத்துப் போயிருக்கும்க்கா. அத்தானுக்குத் தெரியும், கேளுங்க.”

அக்கா அத்தானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் சாமி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாலையை விரலால் உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை. “நானும்தான் புடிச்சேன்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் காவடியே கெட்டது என்றாகிவிடும், அவள் உடைந்து போவாள் என்று பயந்திருப்பார். இன்று அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்கத்தான் முடியவில்லை.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா சம்பலைத் தீட்டுக் கழிப்பதற்காக மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறாள். ஐஸ் பெட்டியைத் துடைத்தாளே, அதே போல. கோபத்தில் செய்யவில்லை. வெதுவெதுப்பான நீரில், மெதுவாக, வாயைத் துடைத்துவிட்டு, குழந்தைக்குச் செய்வது போலத் துவட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தபோது மின்விசிறிக்குக் கீழே, ஈரம் முழுதாகக் காயாமல், அது நடுங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக் காதைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. நோயின் மஞ்சளா, அக்கா பூசிய மஞ்சளா என்று தெரியவில்லை. என் சட்டை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அக்கா, “விடுடா, வலிக்கப் போவுது” என்றாள்.

மறுநாள் விடிந்தபோது சம்பல் இல்லை. அத்தான்தான் பின் சந்தில் குழி வெட்டினார். நான் மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை.

காவடி நன்றாக எடுத்தார் என்று சொன்னார்கள். நான் போகவில்லை. பத்துமலைப் படிக்கட்டிலேயே அக்கா யாரிடமோ சொல்லியிருக்கிறாள், எங்கள் பூனை விரதம் இருந்தே சாமியிடம் போய்விட்டது என்று. அந்தக் கதைக்கு அன்று கால் முளைத்தது. இன்றும் தை பிறந்தால் குடும்ப வாட்சப்பில் யாராவது ஒரு சித்தி அதைக் குரல் பதிவாக அனுப்புகிறாள். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழும். அந்தக் கதையில் டாக்டர் இல்லை, சிரிஞ்சு இல்லை, என் விரலை நக்கிய நாக்கு இல்லை. என் மீன் மட்டும் இருக்கிறது. விரதம் இருந்த பூனையைச் சோதிக்க மீனைக் காட்டிய பாவி ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

குழந்தை பிறக்கவில்லை. அந்த மாத முடிவிலேயே நான் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாலும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில், அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ ஒருவருடைய கைக்குழந்தை மேசைக்கு மேசை கைமாறி வந்து அவள் மடியிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. அது போன பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அன்னிக்கு நீ மட்டும் அந்த மீனக் கொண்டாராம இருந்திருந்தா…”

முடிக்கவில்லை. நான் முடித்தேன். “மீன் குடுத்ததாலதான்க்கா அது அவ்ளோ நாள் இருந்துச்சு. கொன்னது நீங்க.”

அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அக்கா எழுந்து கை கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் பாயசம் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பிடிவாதம். அத்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன செய்தார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அந்தப் பந்திக்குப் பிறகு நான் போகாத பண்டமாரான் வீடு இப்போது இல்லை. அந்த வரிசையையே இடித்துவிட்டு லோரிகள் நிறுத்துகிறார்கள். பின் சந்து எங்கே இருந்தது என்று தேடிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது, நான் ஒருமுறை முயன்றேன். கஞ்சிலை இரும்புக் கடைக்காரன் இழுத்துக்கொண்டு போனான். அத்தானுக்குக் கண் மங்கி லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார் என்றும், அக்காவும் அவரும் ரவாங் பக்கம் குடி போய்விட்டார்கள் என்றும் அதே வாட்சப்பில்தான் தெரிந்துகொண்டேன். அக்கா பிறகு பூனை வளர்க்கவில்லையாம். நான் இன்னும் துறைமுகத்துக்குத்தான் ரயிலேறி வேலைக்குப் போகிறேன். அதே ரயில் எதிர்ப்பக்கம் போனால் ரவாங். மாறி ஏறக்கூட வேண்டாம்.

நம் ஊரில் முன்பின் தெரியாத பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். என் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது இப்போதெல்லாம் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மட்டும்தான். நேற்றுக் காலையும் பால் கலக்காத டீக்காகக் கூப்பிட்டேன்.

“அக்கா, தே ஓ ஒண்ணு. சீனி கம்மியா.”

“வருது தம்பி,” என்றாள் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமலே.